கடல் கடந்து வரும் குளிர்

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் காய்கறித் தோட்டங்களும் பண்ணைகளும் சில உண்டு. ஆயினும் அந்நாட்டின் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வருகிறது. மலேசியாவின் உயிர்க்கோழிகள் லாரியில் வருவது வழக்கம். 2022 ஜூன் 1ஆம் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அப்போது கைகொடுத்தது, பிரேசில் முதலிய தூர நாடுகளிலிருந்து கப்பலில் வரும் உறைந்த கோழி.

வாரக்கணக்கில் கடலில் வந்தும் அது கெடாதது எப்படி? குளிர்ப்பெட்டகத்தின் சுவர்களுக்குள் அடைத்த நுரைப்பொருள் வெளிவெப்பத்தைத் தடுக்கிறது. கப்பலின் மின்சாரத்தில் ஓடும் இயந்திரம், தரையிலுள்ள பள்ளங்கள் வழியே குளிர்காற்றைச் செலுத்துகிறது. அக்காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேல்வழியே திரும்புகிறது. உறைந்த உணவுக்கு வேண்டியது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி.

அந்த இயந்திரம் குளிரைக் காக்குமே தவிர, சூடான இறைச்சியை உறைய வைக்க ஏற்பட்டதன்று. கோழி முன்னரே நன்றாக உறைந்திருக்க வேண்டும். குளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை; வளராமல் அடங்கிக் கிடக்கின்றன. இறைச்சி இளகினால் மீண்டும் பெருகும். ரப்பர்ப் பால் கட்டியான பிறகு அமோனியா ஊற்றிப் பயனுண்டா? கெட்ட இறைச்சியும் அப்படியே. மறுபடி உறைய வைத்தாலும் நல்லதாகாது.

தாய்மார்களே! கப்பலும் கிடங்கும் காத்த குளிரைக் கடைசியில் காக்க வேண்டியவர்கள் நாம். மற்றச் சாமான்களை வாங்கியபின் உறைந்த கோழியை வாங்குங்கள். பொட்டலத்துக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால், இடையில் இளகியிருக்கலாம், அதைத் தவிருங்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தே இளக விடுங்கள்.