‘முன்பே உள்ளது’ என்று காப்புரிமை மறுக்கப்பட்டால்

கோர்வைச் சேலை நெய்வதற்குத் துணையாள் ஒருவர் வேண்டும் என்பது நெசவாளர் அறிந்ததே. அத்துணையின்றி நெய்ய உதவும் கருவியொன்றை வலங்கைமான் வட்டார அங்கத்தினர் ஒருவர் அமைத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய கருவி முன்னரே வெளிவந்துள்ளது எனச் சென்னைக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அறிக்கை அனுப்புகிறார். இத்துடன் முடிந்ததென்று அவர் சோர்வுற வேண்டுவதில்லை.

பரிசோதகரின் அறிக்கை ஆட்சேபணையே, தீர்ப்பன்று. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி முடிவு செய்பவர் கண்ட்ரோலர் ஆவார். அறிக்கை தேதியிலிருந்து 6 மாதங்களுக்குள் பதில் சேர வேண்டும். கட்டணம் செலுத்திக் கால நீட்டிப்புக் கேட்கலாமெனினும், அதனை நம்பியிருத்தல் தகாது. பதில் இல்லையேல் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அதன்மேல் இச்சட்டத்தில் அப்பீல் கிடையாது. ஆதலின் அப்பீலுக்கு அஸ்திவாரம் இப்பதிலேயாகும்.

ஆட்சேபணை இருவகைப்படும். முதலாவது, புதுமையின்மை. நாம் கோரும் அம்சங்கள் யாவும் ஒரே பழைய ஆவணத்தில் அடங்கியிருந்தால்தான் இது நிற்கும். ஓர் அம்சம் அதில் இல்லையெனில் அதனைச் சுட்டிக்காட்டலாம். இரண்டாவது, கண்டுபிடிப்புத் திறனின்மை. பல பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் தொழிலறிந்தவர் எவரும் எளிதில் எட்டக்கூடியதே என்பது இதன் பொருள். ஏன் எளிதில் எட்டியிருக்க முடியாது, இழையறுதல் எவ்வளவு குறைந்தது, நேரம் எவ்வளவு மிஞ்சியது என்பவற்றை அளந்து எழுத வேண்டும். கோரிக்கைகளைக் குறுக்கித் திருத்தலாம். முதல் விண்ணப்பத்தில் இல்லாத புதிய செய்தியைச் சேர்த்தல் கூடாது.

பதிலுக்குப் பின்னும் ஆட்சேபணை நீங்காவிடின் நேர்விசாரணை கோரலாம். விசாரணை முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான வாதத்தைத் தரலாம். பிறகு 15-ஆம் பிரிவின்படி மறுப்பு உத்தரவு பிறந்தால், 117-ஏ பிரிவின்படி 3 மாதங்களுக்குள் அப்பீல் செய்யலாம். 2007 முதல் இவ்வப்பீல்களைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் விசாரித்தது. 2021-இல் அது கலைக்கப்பட்டபின், சென்னை அலுவலக உத்தரவுகளின் மீதான அப்பீல் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் செல்கிறது.

அப்பீலால் எல்லாம் கைகூடும் என்று எண்ணலாகாது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க நிறுவனமொன்றும் அந்நாட்டு வேளாண் துறையும் பெற்ற காப்புரிமையை, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-இல் ரத்து செய்தது. உரிமையாளர் செய்த அப்பீலும் 2005 மார்ச் 8-இல் தள்ளுபடியாயிற்று. நம் உழவர் வழிவழியாக அறிந்திருந்ததை எவரும் தமதாக்கிக்கொள்ளவியலாது என்ற நியாயம் நமக்கும் பொருந்தும். பாட்டனார் காலத்து முறையைச் சிறிது மாற்றி உரிமை கேட்பதிற் பயனில்லை. மெய்யாகவே புதியது இருந்தால் மட்டுமே வழக்கிற்குப் பணம் செலவிடுக.

முடிவாக மூன்று கூறுவோம். விண்ணப்பிக்குமுன் கருவியைச் சந்தையிலோ பொருட்காட்சியிலோ வைத்தல் ஆகாது; நம் செயலே நமக்கெதிரான சான்றாகிவிடும். அறிக்கை வந்த தேதியைச் சங்கக் காரியதரிசி பதிவேட்டில் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். தகுதி பெற்ற காப்புரிமை முகவரைக் கலந்தாலோசித்தல் நன்று. ஓர் அங்கத்தினரின் உழைப்பு நாள் தவறியமையால் மட்டும் வீணாதல் கூடாது.