பாறையைக் கரைப்பது யார்?

காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் வழிகளுக்காக எக்ஸ்பிரைஸ் அமைப்பு நடத்திய போட்டியின் முதல் பரிசு, 5 கோடி டாலர், 2025 ஏப்ரலில் மாட்டி கார்பன் என்ற நிறுவனத்துக்குப் போனது. பசால்ட் எனும் எரிமலைப் பாறையைப் பொடித்துச் சிறு விவசாயிகளின் வயல்களில் தூவுகிறார்கள். சத்தீஸ்கரின் நெல் வயல்கள் அவர்களுக்கு முக்கியக் களம். "கல்தூள் காற்றைச் சுத்தம் செய்யுமாமே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேதியியல் நிஜம்தான். ஆனால் தூளுக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட மண்ணில் வாழும் உயிர்களுக்குக் கிடைக்கவில்லை. வேலையைப் பெரும்பாலும் முடுக்கிவிடுபவை அவைதான்.

மழைநீர் காற்றிலிருந்து ஏந்திவரும் அமிலம் மிகக் குறைவு. மண்ணுக்குள் இறங்கிய பிறகே அதற்குப் புளிப்பு ஏறுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் மூச்சுவிடுவதால், மண்ணின் இடுக்குகளில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்குவரை சேர்ந்திருக்கும். அந்தக் கார்பன் காற்றிலிருந்து இலைகள் எடுத்துத் தந்தது. பாறையிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கரையக் கரைய, அது பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய்விடுகிறது. ஐஸ்லாந்தில் ஒரே வகைப் பசால்ட்டின் மேல் மரங்கள் நிற்கும் சரிவுகளையும் வெற்றுச் சரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரங்கள் உள்ள இடத்தில் இவ்விரு தனிமங்களும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகமாகக் கரைந்தன.

இதில் என்னைக் கட்டிப்போடுவது வேர்ப்பூஞ்சை. பைன் போன்ற மரங்களின் வேர்நுனிகளைப் போர்த்திக்கொண்டு, அங்கிருந்து மெல்லிய இழைகளை மண்ணெங்கும் பரப்பும் உயிர் அது. அதன் வேலை, புளி போட்டுப் பித்தளைக் குடம் துலக்குவதைப் போன்றது. புளியின் அமிலம் களிம்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை. கரைந்த செம்பை மறுபடி ஒட்டவிடாமல் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக், சிட்ரிக் அமிலங்களும் அப்படியே பாறையின் இரும்பையும் அலுமினியத்தையும் கவ்வி இழுக்க, படிகத்தின் கட்டு தளர்கிறது. புளி மட்டும் போதாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பூஞ்சை இழையும் அழுத்துகிறது: கருப்பு மைக்காத் தகட்டின் மேல் அதைப் படரவிட்டுப் பார்த்த 2009ஆம் ஆண்டின் ஆய்வில், இழை ஒட்டிய இடத்தில் படிக அடுக்குகளே வளைந்திருந்தன. துலக்கிய கரைசலைக் குடத்திலேயே காயவிட்டால் கறை திரும்பப் படியும், அலசிவிடத் தண்ணீர் வேண்டும். மண்ணில் அலசுவது மழை. துலக்குகிறவருக்குக் கூலி உண்டா? மரம் தருகிறது, சர்க்கரையாக. பதிலுக்குப் பாறையிலிருந்து பெயர்த்த பாஸ்பரஸும் பொட்டாசியமும் மரத்துக்குப் போகின்றன.

1997இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, ஃபெல்ட்ஸ்பார் கனிம மணிகளுக்குள் நுண்ணிய சுரங்கங்களைக் காட்டி, அவற்றைக் குடைந்த உயிருக்குப் பாறை தின்னும் பூஞ்சை என்று பெயரும் சூட்டியது. படங்கள் அத்தனை அழகு. செய்தி எங்கும் பரவியது. பின்னர் அதே ஆய்வாளர்களில் சிலர் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் பொறுமையாகக் கணக்கெடுத்தபோது, மொத்தக் கரைதலில் சுரங்கங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. 2005இல் வந்த இந்தக் கணக்கு அவ்வளவாகப் பரவவில்லை. பூஞ்சை பாறைமணியைக் குடைவதைவிட அதன் மேற்பரப்பில் வேலை செய்வதே அதிகம். தவிர, இவை காட்டு மரங்களின் பூஞ்சைகள். நெல் வயலில் பெரும்பங்கு வேரின் மூச்சுக்கும் பாக்டீரியாவுக்கும்தான்.

வரலாறு தேவையென்றால்: பாறைச் சிதைவு காற்றின் கரியமில வாயுவைக் குறைக்கிறது என்று பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் எபெல்மன் 1845இலேயே எழுதினார், அது மறக்கப்பட்டு, 1952இல் வேதியியலாளர் ஹரால்டு யூரே மீண்டும் சொன்னார். வெப்பம் கூடினால் சிதைவும் கூடி, பல லட்சம் ஆண்டுகளில் பூமியைத் தணிக்கும் என்பது 1981இல் வந்த விளக்கம்.

பல லட்சம் ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பசால்ட் போன்ற உலகின் சிலிக்கேட் பாறைகளெல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் கரியமில வாயுவைத்தான் எடுக்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து நாம் விடுவது சுமார் 3,700 கோடி டன். பாறையைப் பொடித்தால் மேற்பரப்பு பெருகி வேகம் கூடும், சரி. ஆனாலும் ஒரு டன் பசால்ட் முழுதும் கரைந்தால்தான் சுமார் 0.3 டன் வாயு பிடிபடும். உடைக்கவும் அரைக்கவும் லாரியில் ஏற்றவும் ஆகும் எரிபொருளை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், எந்த அமிலம் பாறையைக் கரைத்தது என்பது. யூரியாவும் அம்மோனியம் உரங்களும் இட்ட வயலில், நீர் வடிந்து மண் காயும்போது, பாக்டீரியாக்கள் நைட்ரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பாறையை அந்த அமிலம் கரைத்தால் கால்சியம் வெளிவரும். காற்றிலிருந்து கார்பன் எதுவும் பிடிபடாது. வெளிவந்த கால்சியத்தையும் களிமண் பல ஆண்டுகள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். புளித்த மண்ணுக்கு இந்தத் தூள் நல்லது, பயிருக்குச் சத்தும் தரும். விவசாயிக்கு அந்தப் பயன் உடனடியானது. அகற்றிய கார்பனைக் கணக்கிட்டுக் கார்பன் வரவாக விற்பவர்களிடமோ, எத்தனை டன் தூவினீர்கள் என்று கேட்டால் போதாது. வயலிலிருந்து வடியும் நீரில் பைகார்பனேட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்ற அளவுகளைப் பருவந்தோறும் கேட்டு வாங்க வேண்டும்.