'ஸ்கோர்' என்னும் சொல்

கிரிக்கெட் ஆட்டம் நடக்கையில், "ஸ்கோர் என்ன?" என்று கேளாத மாணவர் அரியர். ஆனால் அச்சொல் ஆங்கிலத்தில் இருபது என்னும் எண்ணையும் குறிக்கும் என்பதை அறிந்தவர் சிலரே. 1863ஆம் ஆண்டில் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் ஆபிரகாம் லிங்கன் உரை நிகழ்த்தியபோது, 87 ஆண்டுகளை 'நான்கு ஸ்கோரும் ஏழும்' என்றே குறித்தார். நான்கு இருபது எண்பது, அதனோடு ஏழு. இக்கணக்கை அறியாதவர், அவர் 1776ஆம் ஆண்டின் விடுதலை அறிவிப்பை நினைவூட்டுகிறார் என்பதையே உணரமாட்டார்.

ஆட்டக் கணக்குக்கும் இருபதுக்கும் என்ன உறவு? விடை ஒரு கத்தியின் கீறலில் உள்ளது. பழைய நார்ஸ் மொழியில் இச்சொல்லுக்கு வெட்டுக்குறி என்பது பொருள். ஆடுமாடுகளை எண்ணுவோர் இருபதுக்கு ஒரு வெட்டாகக் கோலில் இட்டனர் என்பர் அறிஞர். இவ்வாறு வெட்டின் பெயர் எண்ணின் பெயராயிற்று. கடனையும் கீறலிட்டே குறித்தமையால், கொடுக்கவேண்டிய பாக்கியும் ஸ்கோர் எனப்பட்டது. பழிவாங்குதலைப் பழைய ஸ்கோரைத் தீர்த்தல் என்பதும் இதனாலேயே. ஆட்டத்தின் புள்ளிக்கும் அப்பெயரே வாய்த்தது.

இங்கிலாந்தின் அரசுக் கருவூலமும் வெட்டுக்கோல்களால் கணக்கு வைத்திருந்தது. அம்முறை 1826இல் ஒழிந்தது. எஞ்சிய கோல்களை 1834இல் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் இட்டு எரித்தபோது, தீ மூண்டு நாடாளுமன்ற மாளிகையே பெரும்பகுதி அழிந்தது!

ஆகவே மாணவர்களே, அகராதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறினால், அவற்றைத் தனித்தனியே உருப்போட முயல வேண்டா. முதலில் வேரைத் தேடுங்கள். கிளைகள் தாமே விளங்கும்.