பறவைக்குக் கூலி

பங்குனி வெயிலில் வேலியோரம் நின்று அண்ணாந்து பாருங்கள். சுருண்ட காய் வெடித்து, தோலின் விளிம்பில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சதை பிதுங்கி நிற்கும். நடுநடுவே பளபளக்கும் கறுப்பு விதைகள். தொரட்டியை எடுத்து வருவதற்குள் மைனா முந்திக்கொள்ளும்.

கொடுக்காப்புளி அவரைக் குடும்பத்து மரம். அவரை, துவரை, உளுந்தில் நாம் தின்பது விதையை. இதிலோ விதையைத் துப்பிவிட்டு, அதைப் போர்த்திய சதையைத் தின்கிறோம். விதைக்காம்பிலிருந்து வளரும் போர்வை அது. ஜாதிக்காயைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியும் இந்த வகைதான். பறவைக்கு மரம் தரும் கூலி என்றே இதைச் சொல்வேன். சதைக்காக வரும் பறவை விதையை எங்கோ கொண்டுபோய்ப் போடும்.

வேலை முடியுமுன் கூலி கிடையாது. பிஞ்சுக் காயைக் கடித்தால் துவர்த்து, தொண்டையைக் கட்டும். காயிலுள்ள டானின் எச்சிலின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கின் வழவழப்பே போய்விடும். விதை முற்றும்வரை மரத்துக்கு அதுவே காவல். போதாததற்கு இலைக்கணுவில் ஜோடி ஜோடியாக முள்.

கண்மாய்க்கரையிலேயே பிறந்த மரம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இதன் தாய்மண் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழிப் பெயரிலிருந்து வந்த 'குவாமுச்சில்' மெக்சிகோவில் இன்றும் வழங்குகிறது. ஸ்பானியர் காலத்தில் கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸ் போனபோது பெயரும் கூடவே போய், அங்கே 'கமச்சிலே' ஆனது. ஆங்கிலத்தில் மணிலாப் புளி.

எனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். அமெரிக்க மரமான இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது நம் கரையில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதற்கு 'மிமோசா டல்சிஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் டல்சிஸ் என்றால் இனிப்பு. 1844இல் ஜார்ஜ் பெந்தம் இதைப் 'பித்தெசெல்லோபியம்' என்ற பேரினத்துக்கு மாற்றினார். கிரேக்கத்தில் அதற்குக் குரங்கின் காதணி என்று பொருள். சுருண்டு தொங்கும் காயைப் பார்த்தால் பொருத்தம் புரியும்.

விதையின் கறுப்புத் தோலை நகத்தால் கீறி, உள்ளிருக்கும் பழுப்புத் தோல் கிழியாமல் உரிப்பது எங்கள் பள்ளிக்காலப் பந்தயம். வெள்ளைப் பருப்பு துளி தெரிந்தாலும் தோல்வி. ஜெயித்த விதைகளை ஜன்னலில் அடுக்கிவைத்தேன். அவை அப்படியே காய்ந்தன. தின்றுவிட்டுக் கிணற்றடியில் துப்பியதில் ஒன்று மட்டும் முளைத்து, இரண்டே வருடத்தில் என்னைவிட உயரமாக நின்றது.