விளக்கு எரிந்தால் போதுமா?

புதிதாகக் கட்டப்படும் வீடுகள் பலவற்றில் இன்று மின்கம்பிகளோடு வலையமைப்புக் கேபிள்களும் சுவருக்குள் பதிக்கப்படுகின்றன. பூச்சு வேலை முடிந்து வண்ணமும் அடித்த பின்னர்ப் பிழை தெரியவந்தால் சுவரை உடைக்க நேரிடலாம். ஆகவே, பூச்சுக்கு முன்னரே கேபிளைச் சோதித்துவிடுதல் நன்று. ஆனால், சோதனைக் கருவி காட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேபிளின் மேலுறையை நீக்கினால் எட்டுச் செம்புக் கம்பிகள் தென்படும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஆகிய நிறங்களில் ஒவ்வொன்றும், அந்நிறக் கோடிட்ட வெள்ளைக் கம்பியுடன் முறுக்கப்பட்டு, நான்கு இணைகளாக அமைந்திருக்கும். இம்முறுக்கு அழகுக்காக அன்று. தொலைபேசித் தடங்களில் இடையூற்றைக் குறைக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே செய்தி எதிரெதிர்க் குறியுடன் செல்கிறது. பெறும் கருவி அவற்றின் வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்கிறது. முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இடையூறு இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகவே தாக்கும். எனவே, வேறுபாடு காணும்போது அது நீங்கிவிடுகிறது.

எளிய சோதனைக் கருவி இரு பகுதிகளை உடையது. கேபிளின் இரு முனைகளையும் திசைவியிலிருந்தும் கணினியிலிருந்தும் கழற்றி, ஒன்றைத் தாய்ப் பகுதியிலும் மற்றொன்றைத் துணைப் பகுதியிலும் பொருத்த வேண்டும். 1 முதல் 8 வரை விளக்குகள் இரு பக்கமும் ஒரே வரிசையில் எரிந்தால் ஒவ்வொரு கம்பியும் தொடர்ச்சியாக உள்ளது என்பது பொருள். ஒரு விளக்கு எரியாவிடில் அக்கம்பி அறுந்திருக்கலாம். அல்லது இணைப்பானின் பல் அதில் சரியாகப் பதியாதிருக்கலாம். வரிசை மாறினால் கம்பிகள் இடம் மாறியுள்ளன. 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒன்று மட்டும் எரியாதபோது இணையம் முற்றும் நின்றுவிடுவதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். 1999இல் வந்த கிகாபிட் முறைக்குத்தான் எட்டும் தேவை. கருவிகள் பல தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் குறை வெளியே தெரிவதில்லை.

இவற்றினும் வஞ்சகமான பிழை ஒன்று உண்டு. எங்கள் வீட்டு மாடியறைக்குக் கேபிள் இட்டவர் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிவதைக் காட்டிவிட்டுச் சென்றார். ஆயினும், என் மகளின் இணையவழித் தேர்வு பாதியில் அறுந்துபோயிற்று. இணைப்பானை உற்று நோக்கியபோதுதான் காரணம் புலப்பட்டது. அவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என இணை இணையாக அடுத்தடுத்து வைத்திருந்தார். பார்வைக்கு ஒழுங்கானது, பயனுக்குத் தவறானது.

ஈத்தர்நெட் முறையில் 1–2 ஓர் இணை, 3–6 ஓர் இணை, 4–5 ஓர் இணை, 7–8 ஓர் இணை. நடுவிலுள்ள 4–5 தொலைபேசிக்கு உரியதாக இருந்த பழைய வழக்கத்தின் எச்சமே இந்தக் கோணல் வரிசை. அவர் வைத்த முறையில் 3ஆம் இடத்தில் பச்சை இணையின் கம்பியும், 6ஆம் இடத்தில் நீல இணையின் கம்பியும் அமைந்தன. ஒன்றோடொன்று முறுக்கப்படாத கம்பிகளில் செய்தி சென்றதால் இடையூறு நீங்கவில்லை; அடுத்த இணையின் செய்தியும் உட்புகுந்தது. இதுவே பிளந்த இணை எனப்படும். எளிய கருவி மின்னோட்டம் முனைக்கு முனை செல்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டுள்ளது என்பதை அது அறியாது. அதனை அளந்து சொல்லும் விலையுயர்ந்த கருவிகள் உள்ளன. இணைப்பான் கண்ணாடி போன்றதாக இருப்பின் நம் கண்களே போதும்.

இரு முனைகளையும் வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என வைத்து, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் புதிய இணைப்பான்களைப் பொருத்தினோம். கருவியில் முன்போலவே எட்டு விளக்குகளும் எரிந்தன. சுவருக்குள் இருந்த கேபிளில் ஒரு குறையும் இல்லை.