பறவை வீசிய கல்லா, பரவிய அம்மையா? ஐந்தே வசனங்கள் கிளப்பிய விவாதம்

குர்ஆனின் 105-வது அத்தியாயம் ‘அல் ஃபீல்’. யானை என்று பொருள். மொத்தமே ஐந்து வசனங்கள்தான். சின்ன வயதிலேயே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிற அத்தியாயம்.

யானைப் படையோடு வந்தவர்களை இறைவன் என்ன செய்தான் என்று அது நினைவூட்டுகிறது. கூட்டம் கூட்டமாகப் பறவைகள், சுட்ட களிமண் கற்கள், கடைசியில் மென்று போட்ட வைக்கோல் போல ஆகிப்போன படை. படைத்தலைவர் பெயர் வசனத்தில் இல்லை. ஏமனை ஆண்ட அப்ரஹா, கஅபாவை இடிக்க மக்காவுக்குப் படையெடுத்தார் என்ற விவரம் பழைய வரலாற்று நூல்களில் இருந்து வருவது. நபிகள் நாயகம் பிறந்ததும் அந்த ‘யானை ஆண்டில்’தான் என்பது மரபு. சுமார் கி.பி. 570.

சரி, பறவைகள் நிஜமாகவே கல் எறிந்தனவா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இதை எழுப்பியவர் நாத்திகர் இல்லை. எகிப்தின் தலைமை முஃப்தி.

முஃப்தி சொன்ன கிருமி

முஹம்மது அப்துஹு 1899 முதல் 1905-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தவர். குர்ஆனின் கடைசிப் பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரையில் ஒரு பழைய தகவலைக் கையில் எடுத்தார். அரபு மண்ணில் பெரியம்மையும் தட்டம்மையும் முதன்முதலில் தலைகாட்டியது அந்த ஆண்டில்தான் என்று நபிகள் நாயகத்தின் ஆரம்பகால வரலாற்றாசிரியரான இப்னு இஸ்ஹாக் குறித்திருக்கிறார்.

அப்துஹு அதை இப்படிக் கோத்தார்: அந்தப் ‘பறவைகள்’ நோய்க்கிருமி சுமக்கும் ஈ, கொசு வகையாக இருக்கலாம். ‘கற்கள்’, காற்றில் பறந்து அவற்றின் கால்களில் ஒட்டிய நச்சு மண்ணாக இருக்கலாம். பாஸ்டரும் கோக்கும் கிருமிகளை உலகத்துக்குக் காட்டிச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இதனால் அவர் இறைவனை வெளியே அனுப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கொசுவை அனுப்பியதும் அவன்தான் என்பதே அவர் நிலை.

‘அடி’யா, ‘நட’யா?

அவருக்கு முன்பே இந்தியாவில் ஒருவர் இந்த வழியில் வெகுதூரம் போயிருந்தார். அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கான். இயற்கை இறைவனின் செயல், குர்ஆன் இறைவனின் சொல், இரண்டும் மோத முடியாது. இதுதான் அவருடைய அடிப்படை. 1880 முதல் வெளிவந்த அவருடைய உருது விரிவுரை அற்புதங்களை ஒவ்வொன்றாக இயற்கைக்குள் கொண்டுவந்தது.

மூசா நபி கடலைக் கடந்த நிகழ்வைப் பாருங்கள். கைத்தடியால் கடலை அடிக்கச் சொல்லி இறைவன் கட்டளையிட்டான் என்பது வழக்கமான பொருள். அங்கே வருகிற ‘ளரப’ என்ற அரபு வினைக்கு அடிப்பது என்றும் பொருள் உண்டு, பயணம் போவது என்றும் பொருள் உண்டு. (தமிழில் ‘அடி’ பாதத்தையும் குறிக்கும், உதையையும் குறிக்கும் இல்லையா, அந்த மாதிரி.) ஆகவே ‘தடியோடு கடலுக்குள் நட’ என்று வாசித்தார் சர் சையது. நீர் உள்வாங்கிய நேரத்தில் மூசா நபியின் மக்கள் கடந்தார்கள். நீர் திரும்பியபோது ஃபிர்அவ்னின் படை மாட்டிக்கொண்டது.

எதிர்ப்பாளர்கள் இவருடைய கூட்டத்தை ‘நேச்சரி’ என்று கிண்டலடித்தார்கள். ஹைதராபாத்தில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் ஆப்கானி பாரசீக மொழியில் ஒரு மறுப்பு நூலே எழுதினார். அதை அரபிக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? ஆப்கானியின் மாணவர் அப்துஹு. அதே அப்துஹுதான்!

எறிந்தது யார்?

உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கரைச் சேர்ந்த ஹமீதுத்தீன் ஃபராஹி (1863-1930) கிருமிப் பக்கமே போகவில்லை. அவர் பிடித்தது இலக்கணத்தை.

‘தர்மீஹிம்’ என்ற சொல்லில் இருக்கும் வினை வடிவத்துக்கு ‘அவை எறிகின்றன’ என்றும் பொருள் வரும், ‘நீ எறிகிறாய்’ என்றும் வரும். எழுத்தில் வித்தியாசமே தெரியாது. அத்தியாயம் ‘நீ பார்க்கவில்லையா’ என்றுதானே தொடங்குகிறது? அந்த ‘நீ’ மக்காவின் குறைஷியர் என்றார் ஃபராஹி. மலைமீது நின்று கல் எறிந்தவர்கள் அவர்களே. கூடவே இறைவன் கல்வாரிக் காற்றையும் அனுப்பினான். பறவைகள் வந்தது பிணங்களைத் தின்ன. சான்றாக அக்கால அரபுக் கவிதைகளை அடுக்கினார். மௌதூதி இதை ஏற்கவில்லை. மரபு அறிவிப்புகளோடும் வசனங்களின் போக்கோடும் இது ஒத்துப்போகவில்லை என்று தன் விரிவுரையில் விலாவாரியாக மறுத்தார்.

நேர்பொருளே போதும் என்பவர்களை யோசிக்காதவர்கள் என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் தப்பு. 11-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இமாம் கஸ்ஸாலி ஒரு கனமான வாதம் வைத்தார்: நெருப்பு பட்டதும் பஞ்சு எரிகிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம், நெருப்பால்தான் எரிகிறது என்பதைப் பார்த்ததில்லை. எரியவைப்பது இறைவனின் வழக்கம். வழக்கத்தை ஒருநாள் அவன் மாற்றினால் அதில் முரண்பாடு எங்கே?

சையித் குத்பு 20-ம் நூற்றாண்டில் அப்துஹுவை மறுத்தது வேறு விதம். மூடநம்பிக்கையும் அறிவியல் மோகமும் மோதிய சூழலில் அப்துஹு அப்படி எழுதியது புரிகிறது என்றார். ஆனால் உறுப்பு உறுப்பாக உடல் சிதைந்து விழுந்ததாகச் சொல்லும் அறிவிப்புகள் அம்மை நோயோடு பொருந்தவில்லையே என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒரு நிறுத்தத்தில் எல்லாம்

உருவகமாக வாசிக்கலாமா என்பதற்கே குர்ஆனில் ஒரு வசனத்தைக் காட்டுவார்கள். 3-வது அத்தியாயம், 7-வது வசனம். தெளிவான வசனங்கள், பல பொருளுக்கு இடம்தரும் வசனங்கள் என்று அது இருவகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகையின் விளக்கத்தை அறிந்தவன் அல்லாஹ் மட்டுமே என்று அங்கேயே நிறுத்துவது பெரும்பான்மை அறிஞர்களின் வாசிப்பு. நிறுத்தாமல் தொடர்ந்தால், ‘அறிவில் ஆழ்ந்தவர்களும்’ அதில் சேர்ந்துவிடுவார்கள். ஆரம்பகாலக் கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் கிடையாது.

12-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த இப்னு ருஷ்து இரண்டாவது வாசிப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஆழ்ந்த விளக்கங்களைப் பொதுமக்களிடம் கொண்டுபோகக் கூடாது என்றும் கறாராகச் சொன்னார். ஆக, யார் விளக்கலாம் என்ற கேள்வி அன்றே இருந்தது.

கெய்ரோவில் அது நீதிமன்றம்வரை போனது. 1947-ல் குர்ஆன் நிகழ்வுகளின் நோக்கம் வரலாற்றுத் தகவல் சொல்வது அல்ல, படிப்பினை தருவதே என்று ஆய்வேடு எழுதிய முஹம்மது அஹ்மத் கலஃபல்லாஹ்வுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு கெய்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத். குர்ஆனில் உருவகம் பற்றியதுதான் அவருடைய ஆரம்ப ஆய்வே. பதவி உயர்வுக்கு அவர் சமர்ப்பித்த எழுத்துகளில் தொடங்கிய பிரச்சினை, அவரை மதம் மாறியவராக அறிவிக்கக் கோரும் வழக்கானது. ஜின், வானவர், இறைவனின் அரியணை ஆகியவற்றை நேர்பொருளில் ஏற்கவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

தன்னை முஸ்லிம் என்றே அவர் சொல்லிவந்தார். 1995 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முஸ்லிம் அல்லாதவரோடு முஸ்லிம் பெண் வாழ முடியாது என்று சொல்லி, மனைவி இப்திஹால் யூனுஸுடனான திருமணத்தையும் ரத்து செய்தது. பிரிக்கச் சொல்லி கணவனும் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்தே நாட்டைவிட்டு வெளியேறினார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்தினார். 2010 ஜூலையில் கெய்ரோவில் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள்.