கம்பெனி மாறும்போது உங்க சம்பளம் எங்கே நிற்கும்? ஒரு இலவச உரையை எப்படிக் கேட்பது



"தொழிலில் மாற்றத்தை வழிநடத்துவது எப்படி? முன்னாள் மாணவர் சிறப்புரை. அனுமதி இலவசம், அனைவரும் வரலாம்." பல்கலைக்கழகங்களும் பிசினஸ் ஸ்கூல்களும் நடத்துற இந்த மாதிரி உரைகளுக்கான அழைப்பு அப்பப்போ நம்ம வாட்ஸ்அப்புக்கும் வரும். "இதெல்லாம் மேனேஜருங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு"ன்னு தள்ளிவிட்டுப் போயிடுவோம்.

போய்க் கேளுங்க என்பதுதான் என் பதில். ஆனா ஒண்ணு. மேடையில் பேசுறவர் கப்பலை ஓட்டினவர். நாம அந்தக் கப்பல்ல வேலை பார்க்கிறவங்க. அதே கதையை நம்ம இடத்திலிருந்து கேட்கணும். எப்படின்னு நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கம்பெனியை வச்சே பார்க்கலாம்: நோக்கியா.

அலாரம் அடிச்சாச்சு, அப்புறம்?

2007-ல் உலகத்தில் விற்ற ஐந்து போனில் ஏறக்குறைய இரண்டு நோக்கியா. அதே வருஷம் ஐபோன் வந்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீஃபன் ஈலாப் என்பவரை சிஇஓவாகக் கொண்டுவந்தாங்க.

2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்று தீப்பிடிக்குது, அதில் இருக்கிறவன் உறையவைக்கும் தண்ணீரில் குதிச்சாத்தான் பிழைப்பான், நாமும் அந்த நிலையில்தான் இருக்கோம் என்பது அதன் சாரம். சில நாளிலேயே பழைய சிம்பியன் மென்பொருளைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்கு மாறப்போறோம்னு அறிவிப்பும் வந்தது.

ஹார்வர்டு பேராசிரியர் ஜான் காட்டர் 1996-ல் எழுதிய புத்தகத்தில், மாற்றத்துக்கு எட்டுப் படிகள் சொல்றார். முதல் படி, அவசரத்தை எல்லாரும் உணரவைப்பது. ஆறாவது படி, கண்ணுக்குத் தெரியுற சின்னச் சின்ன வெற்றிகளைச் சீக்கிரமே காட்டுவது. ஈலாப் முதல் படியை ஓங்கியே மிதிச்சார். ஆனா கையில காட்டப் புது போன் இல்லை. முதல் லூமியா கடைக்கு வர அந்த வருஷம் நவம்பர் ஆச்சு. "இது சாகப்போற மென்பொருள்"னு கம்பெனியே சொன்ன போனை அதுவரைக்கும் யார் வாங்குவாங்க? பழைய வருமானம் வேகமா சரிஞ்சது, புது வருமானம் வந்து சேரல.

2013 செப்டம்பரில் போன் பிசினஸை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்கிறதா அறிவிச்சாங்க. 2015-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது.

ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்

இந்தக் கதையின் ஒரு முனை நம்ம ஊரில் இருக்கு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கின நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பா நிறைய இளம்பெண்கள், வேலை பார்த்தாங்க. வரித் தகராறு காரணமா இந்த ஆலை மட்டும் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகல. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அந்த இடத்தை பின்லாந்தின் சால்காம்ப் நிறுவனம் வாங்கப்போவதா அறிவிப்பு வந்தது 2019-ல்தான். நடுவில ஐந்து வருஷம். கட்டடம் காத்திருக்கலாம், வீட்டு வாடகையும் ஈஎம்ஐயும் காத்திருக்குமா?

ஜெயிச்ச மாற்றத்திலும் வேலை போகும்

நோக்கியா கதை அங்கே முடியல. 2012-ல் தலைவரான ரிஸ்டோ சிலாஸ்மா, "இப்படி நடந்தா என்ன, அப்படி நடந்தா என்ன"ன்னு பல வழிகளையும் முன்கூட்டியே யோசிச்சு வைக்கணும் என்பதை வழக்கமாக்கினார். நெட்வொர்க் பிசினஸில் சீமென்ஸ் வைத்திருந்த பாதியை 2013-ல் 170 கோடி யூரோவுக்கு வாங்கினாங்க. பிறகு அல்காடெல்-லூசென்டையும் வாங்கி, இன்றைக்கு உலகின் பெரிய நெட்வொர்க் நிறுவனங்களில் ஒன்றா நோக்கியா நிற்குது. எந்த மேடையிலும் கைத்தட்டல் வாங்குற கதை.

ஆனா அதே நெட்வொர்க் பிரிவு 2011 நவம்பரில் 17,000 வேலைகளைக் குறைக்கப்போறதா அறிவிச்சிருந்தது. அதாவது, கம்பெனி பிழைச்சிடுச்சு என்பதும் நீங்க பிழைச்சிட்டீங்க என்பதும் ஒண்ணு இல்லை. நம்ம பிளான் தனியா இருக்கணும்.

நம்ம பக்கம் நாலு வேலை

1. ஆறு மாசச் செலவு. வாடகை, ஈஎம்ஐ எல்லாம் சேர்த்து மாசம் 30,000 ரூபாய் செலவுன்னா, 1,80,000 ரூபாய் தனியா இருக்கணும். மாசம் 5,000 போட்டா 36 மாசம் ஆகும். முதல்லயே 40,000 ரூபாய் போனஸை அதில் போட்டுட்டா 28 மாசம். சிலாஸ்மா போட்ட மாற்று வழி மாதிரி இது உங்களோட மாற்று வழி.

2. ஒரே கூடையில் எல்லா முட்டையும் வேண்டாம். சம்பளமும் அந்தக் கம்பெனி, சேமிப்பும் அந்தக் கம்பெனி ஷேர்னா, ஒரே நாளில் இரண்டும் அடிவாங்கும். இசாப் கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா மொத்த முதலீட்டில் சுமார் 10 சதவீதத்துக்கு மேல போகாம பார்த்துக்கிறது நல்லது.

3. சொந்த மருத்துவக் காப்பீடு. ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா வேலையோடவே முடிஞ்சிடும். வயசு கம்மியா, உடம்பு நல்லா இருக்கும்போதே தனியா ஒண்ணு எடுத்தா பிரீமியமும் குறைவு.

4. பணம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. உங்க கம்பெனி எந்த டீமுக்கு ஆள் எடுக்குது, எந்த டீமுக்கு பட்ஜெட்டை வெட்டுது? டவுன்ஹாலில் பேசுறதைவிட இதுதான் உண்மையைச் சொல்லும். வளர்ற பக்கத்துக்கான திறமையை இப்பவே கத்துக்க ஆரம்பிங்க.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்குங்க

உரை முடிஞ்சதும் கேள்வி நேரம் வரும். இலவச உரையில் விலை மதிப்பில்லாத பகுதி இதுதான். மூணு கேள்வி தர்றேன், எழுதி வச்சுக்கோங்க.

"பழைய வருமானம் குறைஞ்சு புது வருமானம் வர எத்தனை மாசம் ஆச்சு சார்?"

"மாற்றத்துக்கு அப்புறம் எத்தனை பேருக்கு மறுபயிற்சி கொடுத்து உள்ளேயே வச்சுக்கிட்டீங்க?"

"கெட்ட செய்தி உங்க காதுக்கு எப்படி வந்தது மேடம்?"

மூணாவது கேள்வி சும்மா இல்லை. குய் ஹூய், டிமோ வுவோரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோக்கியா பற்றி 76 பேரிடம் பேட்டி எடுத்து, 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. மேலதிகாரிகளின் கோபத்துக்குப் பயந்து நடுநிலை மேனேஜர்கள் உண்மையை மென்னு விழுங்கினாங்க என்பது அதில் வந்த முக்கியமான விஷயம். உங்க ஆபீஸ் மீட்டிங்கில் "எல்லாம் சூப்பரா போகுது சார்" என்பது மட்டுமே காதில் விழுதா? அப்போ முதல் வேலையை, அந்த ஆறு மாசச் செலவை, இந்த மாசச் சம்பளத்திலேயே தொடங்கிடுங்க.

அடுத்த உரைக்கான அழைப்பு வந்தா தள்ளிவிடாதீங்க. பக்கத்து சீட் நண்பரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. டிக்கெட் இலவசம், செலவு பஸ் கட்டணமும் ஒரு டீயும்தான். அடுத்த வீடியோவில் எமர்ஜென்சி ஃபண்டை எங்கே போட்டு வைக்கலாம்னு பார்ப்போம்.